கால்நடை மருத்துவ மாணவரின் புறக்கல்வியும் அதற்கான பொருளுதவியும்

பசுவின் கருப்பைக்குள் கையை விட்டு, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கன்றின் காலைத் தடவிப் பார்த்து, அது முன்னங்காலா பின்னங்காலா என்று தீர்மானிக்க வேண்டிய கட்டம் கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரின் வாழ்விலும் வந்தே தீரும். குளம்பிலிருந்து மேல்நோக்கித் தடவிச் செல்லும்போது எதிர்ப்படும் பெரிய மூட்டுகள் இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் அது முன்னங்கால். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக மடங்கினால் பின்னங்கால். இவ்விதி பாடப் புத்தகத்தில் இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் பெறுவதும் எளிது. ஆனால் பனிக்குடம் உடைந்து நெடுநேரமாகிவிட்ட ஒரு நள்ளிரவில், தொழுவத்தின் மங்கிய வெளிச்சத்தில், பசு முக்கும்போதெல்லாம் இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் நடுவே நெரிபட்ட கை மரத்துப்போக, அந்த ஒரு மாட்டையே ஜீவாதாரமாகக் கொண்ட குடும்பம் சுற்றி நின்று வைத்தியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவ்விரண்டு வரிகளை விரல் நுனிக்குக் கொண்டுவருவது வகுப்பறை மாத்திரம் தரக்கூடிய வித்தையன்று.

அவ்வித்தை, அனுபவம் முதிர்ந்த மருத்துவரின் பக்கத்தில் நின்று, அவர் கையை எடுத்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கே கைகூடுகிறது. அதனால்தான், கால்நடை மருத்துவக் கல்வியைப் பற்றி ஊன்றிச் சிந்தித்த தேசங்கள், கல்லூரியின் மதில்களுக்கு வெளியே, பண்ணையிலும் கிராம மருந்தகத்திலும் ஆராய்ச்சிச் சாலையிலும் வனத்திலும் மாணவர் பெற வேண்டிய பயிற்சிக்கு ஏதோ ஒரு வகையில் இடம் வகுத்திருக்கின்றன. இப்புறக்கல்வி அவசியமானது என்பதில் அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. அதற்கு ஆகும் செலவு யாரைச் சேர்ந்தது என்ற கேள்விக்குத்தான் தேசத்துக்குத் தேசம், ஸ்தாபனத்துக்கு ஸ்தாபனம் விடை வேறுபடுகிறது. பல இடங்களில் அக்கேள்வி எழுப்பப்படாமலேயே செலவு பெற்றோரின் தலையில் இறங்கிவிடுகிறது. இத்துறையில் உருவாகியுள்ள முக்கியமான உதவித்தொகை ஏற்பாடுகளை ஒருங்கே வைத்து நோக்கி, அவற்றின் குணதோஷங்களை ஆராய்ந்து, நம் நாட்டுக்கு உகந்த வழி யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகைகளும் செலவுகளும்

புறக்கல்வி என்று பொதுப்படச் சொல்லப்படுவதில் நான்கு வகைகளைப் பிரித்துக் காணலாம். தொழில் புரியும் மருத்துவரிடமோ பண்ணையிலோ சில வாரங்கள் தங்கிக் கற்பது முதல் வகை. கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சியாளரின் கீழ்ச் சிறியதோர் ஆய்வை ஏற்று நடத்துவது இரண்டாவது. பிற மாநிலத்துக்கோ அயல்நாட்டுக்கோ சென்று, தம் ஊரில் காணக் கிடைக்காத விலங்குகளையும் நோய்களையும் வளர்ப்பு முறைகளையும் பிரத்தியட்சமாகக் காண்பது மூன்றாவது. மாநாடுகளில் கலந்துகொள்வதும் இதில் அடங்கும். மாணவர் தாமே சங்கம் அமைத்து, நிபுணர்களை வரவழைத்துப் பேசச் செய்தும், கிராமங்களில் தடுப்பூசி முகாம் நடத்தியும், நிர்வாகத் திறனையும் மக்களோடு பேசும் பக்குவத்தையும் வளர்த்துக்கொள்வது நான்காவது. முதல் மூன்றும் பணமின்றி நடவா; நான்காவதும் ஓரளவுக்கு மேல் பணமின்றி நடவாது.

இச்செலவின் இயல்பு கவனிக்கத்தக்கது. கல்லூரிக் கட்டணம் வெளிப்படையான தொகை. அரசாங்கம் அதைக் குறைக்கலாம், வங்கி அதற்குக் கடன் தரலாம், தர்மவான் ஒருவர் அதைக் கட்டிவிடலாம். புறக்கல்வியின் செலவோ சில்லறை சில்லறையாகப் பிரிந்து கிடக்கிறது. பேருந்துக் கட்டணம், அயலூரில் மூன்று வார வாடகை, விடுதிச் சாப்பாட்டுக்குப் பதில் கடைச் சாப்பாடு, ரப்பர் பூட்ஸ், மேலங்கி, சொந்தமாக ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் வெப்பமானியும், நாய்களோடு பழகுமுன் போட்டுக்கொள்ள வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி என்று அப்பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கு மேலாக, கணக்கில் எங்கும் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு: விடுமுறையில் வேலை செய்து சம்பாதித்தோ, வீட்டு வயலிலும் கடையிலும் உழைத்தோ குடும்பத்துக்கு உதவ வேண்டிய மாணவர், சம்பளமில்லாப் பயிற்சிக்குப் போகும்போது அந்த வருமானத்தையும் உழைப்பையும் குடும்பம் இழக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டாகத் தோன்றா. வறிய வீட்டுப் பிள்ளையோ இவற்றை எண்ணியே அருகிலுள்ள ஏதோவோரிடத்தில் பயிற்சியை முடித்துக் கையொப்பம் வாங்கிவிடுகிறது. இருவரும் ஒரே பட்டத்தைப் பெறுகின்றனர். ஆனால் இருவரும் ஒரே கல்வியைப் பெற்றவராகார்.

சரித்திரத்தில் இதன் வேர்

புறக்கல்வி பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட அலங்காரம் என்று கருதுவோர், இச்சாஸ்திரத்தின் தொடக்கத்தைச் சற்று நோக்க வேண்டும். 1761ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தின் அனுமதி பெற்று, மறு ஆண்டு லியோன் நகரில் குளோத் பூர்ழெலா என்பார் திறந்த பள்ளியே உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. ஐரோப்பாவின் கால்நடைச் செல்வத்தை வெக்கைநோய் அலையலையாக அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பள்ளி திறந்து சிறிது காலத்துக்குள்ளாகவே அதன் மாணவர்கள் நோய் கண்ட மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் ஆற்றிய பணியே அப்பள்ளிக்கு ராஜாங்கத்தின் மதிப்பைப் பெற்றுத் தந்தது. ஆகவே கால்நடை மருத்துவக் கல்வி பிறந்தபோதே மாணவன் தொழுவத்துக்குப் போனான். அப்படிப் போனதன் பொறுப்பை அரசாங்கம் ஏற்றது.

இங்கிலாந்தில் 1791இல் லண்டனில் முதற்பள்ளி தோன்றியது. 1844இல் அரச சாசனத்தின் வழியே ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி என்னும் தொழில்முறை அமைப்பு ஏற்பட்டது. ஒரு வைத்தியரின் கீழ் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பழைய குருகுல முறையின் எச்சமாக, மாணவர் விடுமுறைகளில் ஏதேனும் ஒரு மருத்துவரின் பின்னே பண்ணை பண்ணையாகச் சுற்றிக் கற்கும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவக் கல்வியைப் பல்கலைக்கழகங்களின் கைக்கு மாற்றிய பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. காலப்போக்கில் அது கட்டாய விதியாகவே வளர்ந்தது. அண்மைக்காலம்வரை அங்குப் பட்டம் பெற விரும்பும் மாணவர், கல்லூரிக்கு வெளியே 38 வாரங்கள் பயின்றாக வேண்டும் என்பது விதியாக இருந்தது: தொடக்க ஆண்டுகளில் பண்ணைகளில் 12 வாரம், பின்னாண்டுகளில் சிகிச்சை நிலையங்களில் 26 வாரம். அண்மையில் இக்கால அளவு குறைக்கப்பட்டிருந்தபோதிலும் கட்டாயம் நீக்கப்படவில்லை.

கட்டாயம் விதித்த இடத்தில் செலவுக்கும் வழி செய்திருக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் அப்பயிற்சி சம்பளமில்லாதது. போக்குவரத்தும் தங்குமிடமும் பெரும்பாலும் மாணவரின் பொறுப்பாகவே விடப்பட்டன. விதிக்கும் செலவுக்கும் இடையே விழுந்த இவ்விடைவெளியை நிரப்பவே அங்கே சிறுசிறு உதவித்தொகைகள் பல தோன்றின என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு அவற்றை ஆராய்வது பயன் தரும்.

பிரிட்டனின் ஏற்பாடுகள்

பிரிட்டிஷ் ஏற்பாடுகளுள் பழமையால் சிறந்தது ஹாரி ஸ்டீல்-பாட்ஜர் நினைவு உதவித்தொகை. இரண்டாம் உலக யுத்தத்தின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஒருவரின் சேவையை நினைவுகூர்ந்து 1953இல் நிறுவப்பட்ட இந்நிதி, படிப்பின் இறுதிக் கட்டத்தில் உள்ளவர்களும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேறு பயிற்சிக்கோ சென்றுவர உதவுகிறது. தலைவரின் நினைவுக்குச் சிலை எழுப்பாமல், இளைஞரின் பிரயாணச் செலவை ஏற்ற அச்சங்கத்தாரின் விவேகம் போற்றத்தக்கது. அயல்நாட்டில், விசேஷமாக வளரும் நாடுகளில், ஆய்வு செய்யப் புறப்படும் மாணவர்களுக்கென்றும் அதே சங்கம் பிரயாண உதவி வழங்கிவந்திருக்கிறது.

விலங்கு நலத்துறையில், 1926இல் மேஜர் சார்லஸ் ஹியூம் லண்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் விரிவடைந்த யூஃபா என்னும் பல்கலைக்கழகங்களின் விலங்கு நலக் கூட்டமைப்பு, மாணவர் விடுமுறையில் விலங்குகளின் நலன் பற்றிச் சிறு ஆய்வு செய்ய உதவித்தொகை அளிக்கிறது. கால்நடை மருத்துவர் சங்கத்தோடு தொடர்புடைய விலங்கு நல அறக்கட்டளையும் மாணவர்களின் ஆய்வுகளுக்கு மானியம் தருகிறது. கூண்டுக்குள் அடைபட்ட கோழி எதை விரும்புகிறது, கொம்பு சுடப்பட்ட கன்று எவ்வளவு நேரம் வேதனைப்படுகிறது என்பன போன்ற கேள்விகள், பெரிய ஆராய்ச்சி நிதிகளின் பார்வையில் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கோடைக்காலத்துக்குள் ஒரு மாணவரால் நேர்மையாக விடை காண முயலக்கூடிய கேள்விகள் இத்தகையனவே. சிறிய தொகைக்குச் சிறிய கேள்வி என்னும் இப்பொருத்தம்தான் இவ்வேற்பாடுகளின் சிறப்பு.

இவற்றின் குறையும் வெளிப்படையானது. இவையனைத்தும் போட்டியின் வாயிலாகச் சிலருக்கே கிட்டுபவை. ஆய்வு செய்வோருக்கும் அயல்நாடு செல்வோருக்கும் உதவுகின்ற அளவுக்கு, கட்டாயப் பயிற்சிக்காகக் கிராமத்துப் பண்ணைக்குச் சென்று தங்கும் சாதாரண மாணவருக்கு உதவுவதில்லை. அவருக்கு உதவும் நிதி அந்தந்தக் கல்லூரியின் சொந்த அறக்கட்டளைகளின் வளத்தைப் பொறுத்தது. அவ்வளமோ எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஏற்பாடுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விஷயம் இன்னும் விரிந்த அளவில் நடைபெறுகிறது. அங்கே கால்நடை மருத்துவம் கற்று வெளிவரும் இளைஞருள் கடன்பட்டோரின் சராசரிக் கடன் ஒரு லட்சம் டாலரையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கடன் மிகுந்த மாணவருக்குச் சம்பளமில்லாக் கோடை என்பது எட்டாக்கனி என்பதை உணர்ந்ததாலேயே அங்கே உதவித்தொகைகள் பல்கிப் பெருகின.

அவற்றை மூன்று ஊற்றுகளாகப் பிரிக்கலாம். முதலாவது ஊற்று அரசாங்கம். தேசிய சுகாதார நிறுவனங்கள், மருத்துவத் தொழில்களுக்குப் படிக்கும் மாணவர் இரண்டு மூன்று மாதங்கள் ஆராய்ச்சிப் பயிற்சி பெறுவதற்கென்று வழங்கும் நிதியில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் பங்குண்டு. மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் ஏறக்குறைய 60 சதவீதம் விலங்குகளோடு தொடர்புடையவை என்பது உலக அமைப்புகள் ஒப்புக்கொண்ட உண்மையாதலால், மனித சுகாதாரத்துக்கான பணத்தில் கால்நடை மருத்துவ மாணவரையும் பயிற்றுவிப்பது தூரதிருஷ்டியுள்ள செயலேயாகும். விவசாயத் துறையோ வேறொரு நோக்கத்தோடு அணுகுகிறது. பசுவும் பன்றியும் வளர்க்கும் கிராமப் பகுதிகளுக்கு மருத்துவர் போக மறுக்கும் குறையைத் தீர்க்க, 2014ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் வழியே ஏற்பட்ட மானியத் திட்டம் ஒன்றில், பயிற்சிக்காக வெளியிடங்களுக்குச் செல்லும் மாணவர்களின் செலவுக்கு உதவுவதும் ஒரு பகுதியாக உள்ளது. படிக்கும்போதே கிராமத்தைக் கண்டவரே படித்த பின் கிராமத்துக்குப் போக அஞ்சார் என்பதே அதன் அடிப்படை.

இரண்டாவது ஊற்று தொழிற்சங்கங்களும் அறக்கட்டளைகளும். 1863இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் பக்கத்திலேயே மாணவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏதேனுமொரு கல்லூரியில் கூடி, விரிவுரைகளோடு கைப்பயிற்சியும் நடத்தும் அச்சங்கம், தன் கிளைகளுக்கும் உறுப்பினர்களுக்கும் சிறு நிதிகள் வழங்குகிறது. மாட்டு மருத்துவர்களுக்கென்று தனியே அமைந்த சங்கத்தின் அறக்கட்டளை, மாட்டுப் பண்ணைகளில் பயிற்சி பெறச் செல்லும் மாணவர்க்குப் பொருளுதவி செய்கிறது. 1948இல் டாக்டர் மார்க் மாரிஸ் தொடங்கிய மாரிஸ் விலங்கு அறக்கட்டளை, மாணவர் ஆய்வுகளுக்கென்றே ஓர் உதவித்தொகையை நடத்திவருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பத்து வாரக் கோடைத் திட்டம் ஒன்று, ஆராய்ச்சியில் நாட்டமுள்ள மாணவர்களைப் பல நாடுகளிலிருந்தும் தேர்ந்தெடுத்து, சோதனைச் சாலைப் பயிற்சியோடு தலைமைப் பண்பையும் ஊட்டப் பாடுபடுகிறது. அதே பல்கலைக்கழகத்தில், வளரும் நாடுகளுக்குச் சென்று பணிபுரிய விரும்பும் மாணவர் தாமே திட்டம் வகுத்து நிதி கோரும் வேறோர் ஏற்பாடும் உண்டு. எங்கே போவது, யாரிடம் கற்பது, எதைச் செய்து முடிப்பது என்று மாணவரையே சிந்திக்க வைக்கும் இம்முறை, பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பாதிப் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது ஊற்று வணிக நிறுவனங்கள். மருந்துக் கம்பெனியான போரிங்கர் இங்கல்ஹைம், முன்பு மெரியல் என்ற பெயரில் நடந்த திட்டத்தைத் தொடர்ந்து, பல கல்லூரிகளின் மாணவர்களைக் கோடை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தி, முடிவில் அவர்கள் தங்கள் ஆய்வை எடுத்துரைக்கும் தேசிய மாநாடு ஒன்றையும் கூட்டுகிறது. இத்திட்டத்தின் வழியே ஆராய்ச்சித் துறைக்குள் காலடி வைத்தோர் பலர். அந்நன்மையை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் மருந்தும் தீவனமும் விற்பவர்கள், நாளை அவற்றை எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இன்று விருந்தும் பரிசும் தருவதில் உள்ள ஆபத்தையும் மறைக்கலாகாது. பணம் கல்லூரியின் கைக்கு வந்து, தேர்வும் மேற்பார்வையும் ஆசிரியர்களிடமே இருக்க, ஆய்வின் பொருளில் கொடையாளி தலையிடாத வரையில் அப்பணம் தூய்மையானது. கொடையாளியின் சரக்கைப் புகழ்வதற்கென்று மாணவரைத் தயார் செய்யும் பணம், எவ்வளவு பெரியதாயினும் கல்விக்கு உதவாதது.

எல்லை கடந்த பரிமாற்றம்

தேசங்களுக்கிடையிலான பரிமாற்றத்தில் மாணவர்களின் சொந்த முயற்சியே முன்னின்றது. யுத்தத்தால் சிதைந்த ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உருவான சர்வதேசக் கால்நடை மருத்துவ மாணவர் சங்கம், ஒரு நாட்டு மாணவர் குழு மற்றொரு நாட்டுக் குழுவின் விருந்தினராகச் சென்று, அடுத்த முறை அவர்களைத் தம் நாட்டில் வரவேற்கும் முறையை வளர்த்தது. இம்முறையில் தங்குமிடமும் உணவும் விருந்தோம்பலாகவே அமைந்துவிடுவதால் பயணச் செலவு ஒன்றே மிஞ்சுகிறது. வறிய நாட்டு மாணவர்களுக்கு அதிலும் கைகொடுக்க அச்சங்கம் ஒரு வளர்ச்சி நிதியை வைத்திருக்கிறது. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டமோ ஐரோப்பிய மாணவர் அனைவருக்கும் பொதுவானது. கால்நடை மருத்துவ மாணவரும் அதன் வழியே அயல்நாட்டில் பயில்கின்றனர்.

இப்பரிமாற்றத்தில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நீலகிரியில் உதகைக்கு அருகே, பிரிட்டனைச் சேர்ந்த வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் என்னும் தொண்டு நிறுவனம் நடத்தும் பயிற்சி நிலையத்துக்கு, நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதைக் கற்க அயல்நாடுகளிலிருந்தும் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்களும் மாணவர்களும் வருகின்றனர். சிறிய கீறல் வழியே கருப்பையின் கொம்பைத் தேடி வெளிக்கொணர்ந்து, சூலகத்தின் இரத்தக் குழாயை நழுவாத முடிச்சால் கட்டி, பின்னர் வெட்டும் அந்த வித்தையை, தம் நாட்டில் ஆண்டு முழுவதும் காத்திருந்தும் சில முறையே செய்யக் கிடைக்கும் மாணவர், இங்கே சில நாட்களிலேயே பன்முறை செய்து கைப்பழக்கம் பெறுகிறார். அதே நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படுவதால் உள்ளூர் மக்களுக்கும் நன்மை விளைகிறது. கற்போருக்கும் கற்கும் இடத்தாருக்கும் ஒருங்கே பயன் தருவதே புறக்கல்வியின் உயர்ந்த இலட்சணம். உதவித்தொகை வழங்குவோர் விண்ணப்பங்களை எடைபோடும்போது இவ்விலட்சணத்தை முதலில் தேட வேண்டும்.

நம் நாட்டின் நிலை

1903இல் சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக இத்துறையில் பட்டக் கல்வியை நிலைநாட்டியது. 1989இல் இந்நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கேயே ஏற்பட்டது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று கல்லூரிகள் மாவட்டம்தோறும் பரவிவருகின்றன. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்தரை ஆண்டுப் படிப்பில் கடைசி ஓராண்டு முழுவதும் நேரடிப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. முன்னர் ஆறு மாதமாக இருந்த அப்பயிற்சியை இரட்டித்தது வரவேற்கத்தக்க சீர்திருத்தம். அவ்வோராண்டில் பயிற்சி மருத்துவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு.

அதற்கு முந்திய நாலரை ஆண்டுகளில் நிலைமை வேறு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், தம் சொந்த மாநிலத்தை விட்டு வெளிமாநிலத்தில் சேர்ந்து படிப்போருக்கு வழங்கும் தேசியத் திறமை உதவித்தொகை, இளைஞரைப் பிற மாநிலம் காணத் தூண்டுவதில் நல்ல நோக்கமுடையது. 2015இல் தொடங்கப்பட்ட ஸ்டூடண்ட் ரெடி என்னும் திட்டம் வேளாண் சார்ந்த மாணவரைக் கிராமத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்ப வகை செய்கிறது. உலக வங்கியின் கடனும் இந்திய அரசின் பங்கும் சேர்ந்து 16.5 கோடி டாலர் மதிப்பில் நடந்த தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் கீழ், இளநிலை மாணவர் பலர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றுவந்தனர். ஆனால் இத்தகைய பெருந்திட்டங்கள் காலவரையறை உடையவை. திட்டம் முடிந்ததும் பயணமும் முடிந்துவிடுகிறது. இடையறாது ஓடும் சிற்றோடை ஒன்றே இங்குத் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இத்தேவை முன்னெப்போதையும்விட இப்போது அவசரமாகியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்குத் தொழிற்கல்லூரிகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடை மருத்துவத்துக்கும் பொருந்தும். அதன் பயனாக, ஆடு மேய்த்த வீட்டிலிருந்தும் கூலிக்குக் களையெடுத்த வீட்டிலிருந்தும் பிள்ளைகள் இக்கல்லூரிகளுக்குள் வருகின்றனர். விலங்கோடு பழகும் பயிற்சியில் இவர்கள் நகரத்துப் பிள்ளைகளைவிட முன்னணியில் நிற்பவர்கள். கட்டணச் சலுகை இவர்களைக் கல்லூரியின் வாயிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் சோதனைச் சாலையில் ஒரு கோடையையும் முதுமலைக் காட்டில் ஒரு மாதத்தையும் கழிக்கும் வாய்ப்பு கட்டணச் சலுகையால் மட்டும் கிட்டுவதன்று.

இந்நாட்டில் புறக்கல்விக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் பெயர்ந்து செல்லும் கீதாரிகளின் பின்னே இரண்டு வாரம் நடந்தால், செம்மறியாட்டின் மேய்ச்சலையும் குடற்புழுவையும் பற்றி மாணவர் கண்ணால் கற்பது ஏராளம். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையின் பட்டிகளும், காங்கேயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களும், டெல்டாவின் உம்பளச்சேரி மாடுகளும், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும், தோடர்களின் எருமைகளும் ஒவ்வொன்றும் தனித்தனி வித்தியாசாலைகளே. வனத்துறையில் பணியாற்றி, டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் யானைகளோடு வாழ்ந்து, இறந்த காட்டு யானைகளின் உடலைப் பரிசோதித்தாக வேண்டும் என்று வற்புறுத்திய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வாயிலாகத் தமிழ் வாசகர் நன்கறிவர். அத்தகைய ஞானம் யானையின் பக்கத்திலும் பாகனின் பக்கத்திலும் பல ஆண்டுகள் நின்றவருக்கே வாய்க்கும். அந்த நிற்றலின் முதல் ஒரு மாதத்தையேனும் மாணவப் பருவத்திலேயே கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள்.

எத்தகைய உதவி சிறந்தது?

மேலே கண்ட ஏற்பாடுகளை ஒப்பிட்டு நோக்குமிடத்துச் சில முடிவுகள் தாமே புலப்படுகின்றன.

உதவித்தொகை முன்பணமாகத் தரப்பட வேண்டும் என்பது முதல் முடிவு. முதலில் செலவு செய்துவிட்டு, பயணச் சீட்டுகளையும் ரசீதுகளையும் ஒட்டி அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் தொகை, கையில் பணம் உள்ளவருக்கே உதவுகிறது. யாருக்காக அந்நிதி ஏற்பட்டதோ அவர் விண்ணப்பிக்கவே துணிவதில்லை.

தொகை சிறியதாயினும் பலருக்குக் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒருவரை அயல்நாட்டு மாநாட்டுக்கு அனுப்பும் பணத்தில், பலரைச் சில வாரம் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பிவிடலாம். மாநாடு வேண்டாவென்பது பொருளன்று. கல்வியின் முந்திய ஆண்டுகளில் பண்ணை, பிந்திய ஆண்டுகளில் ஆய்வு, அதன் பின் அயல்நாடு என்ற கிரமம் பேணப்பட வேண்டும். மதிப்பெண் ஒன்றையே தகுதியாகக் கொள்ளாமல், மாணவர் தாம் கற்க விரும்புவது யாதென்று தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த திட்டத்தையும், குடும்ப நிலையையும் சேர்த்து எடைபோடுவதும் இதோடு சேர்ந்தது.

பணம் பெறுவோருக்கு ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. தக்க குருவிடம் அனுப்பப்படாத மாணவர், பண்ணையில் சாணம் அள்ளியும் மருந்தகத்தில் பதிவேடு எழுதியுமே வாரங்களைக் கழித்துவிட்டுத் திரும்ப நேரிடும். சாணம் அள்ளுவதும் கல்வியே. ஆனால் அந்தச் சாணத்தின் நிறமும் கெட்டித்தன்மையும் பசுவின் செரிமானத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்று எடுத்துக்காட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது கல்வியாகும். மாணவரை ஏற்றுப் பயிற்றுவிக்கும் கிராம மருத்துவருக்கும் பண்ணையாளருக்கும் ஒரு சிறு சன்மானமேனும் அளிப்பது இதனால் அவசியமாகிறது. அவர்களின் நேரமும் இக்கல்வியின் செலவில் சேர்ந்ததே.

மாணவியரின் தேவையைத் தனியே கருத வேண்டும் என்பது நான்காவது. இன்று இத்துறையில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்து பயில்கின்றனர். பாதுகாப்பான தங்குமிடம் இல்லாத ஊருக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆகையால் பெண்களுக்குப் பயணப்படியைவிடத் தங்குமிட ஏற்பாடே பெரிய உதவியாகிறது. அரசாங்கக் கால்நடைப் பண்ணைகளிலும் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களிலும் மாணவியருக்கென்று சில அறைகளை ஒதுக்கிவைப்பது, ரொக்கமாகத் தரும் எந்த உதவித்தொகைக்கும் குறைந்ததாகாது.

கற்றதைப் பிறரோடு பகிர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைத் தவிர வேறு பாரங்களைச் சுமத்தலாகாது என்பது ஐந்தாவது. திரும்பி வந்த மாணவர், தாம் கண்டதையும் செய்ததையும் தமிழில் சில பக்கங்களாக எழுதி, அடுத்த ஆண்டு மாணவருக்கும் தம்மை ஏற்ற பண்ணையாளருக்கும் அளித்தால், ஒருவருக்குச் செலவிட்ட பணம் பலருக்குப் பயன்படும்.

கடமை யாருடையது?

இச்செலவு மாணவருடையதன்று என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவு. புறக்கல்வி இத்தொழிலின் ஓர் அங்கமாகையால், அதன் செலவும் கல்வியின் செலவிலேயே சேர்த்தெண்ணப்பட வேண்டும். கல்விக் கட்டணத்துக்கு உதவி செய்துவிட்டு, அக்கல்வியை முழுமையாக்கும் பயணத்துக்கு உதவ மறுப்பது, அரைக்கிணறு தாண்டச் செய்வதற்கே ஒப்பாகும். அரசாங்கம் ஒவ்வொரு கல்லூரியின் ஆண்டு நிதியிலும் இதற்கென ஒரு தலைப்பை ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகம் விண்ணப்ப முறையை எளிதாக்கி, முன்பணம் தரும் அதிகாரத்தைக் கல்லூரி முதல்வரிடமே விட வேண்டும். ஆவினும் கோழிப் பண்ணையாளரும் தீவனம் தயாரிப்போரும் நாளைய மருத்துவரின் திறமையால் நன்மை பெறப் போகிறவர்கள். நிபந்தனையற்ற சிறு பங்கை அவர்களும் செலுத்துவது அவர்களுக்கே நலம்.

எல்லாருக்கும் மேலாக, இக்கல்லூரிகளில் பயின்று இந்நாட்டிலும் அயல்நாடுகளிலும் நிலைபெற்றுவிட்ட முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பயின்ற கல்லூரியின் பெயரில் வளைவும் மேடையும் கட்டுவதற்கு முன்னர், அங்கே இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரின் ஒரு கோடைக்காலச் செலவை விசாரித்துப் பாருங்கள். அத்தொகை உங்கள் கைக்கு எட்டாததாக இராது. அதை இவ்வாண்டே அனுப்பிவையுங்கள்.